வேலுத்தாயின் இடுப்பும் பக்கத்து நெறையும்

தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பார்கள். வேலுத்தாயைப் பார்த்தால் மட்டும் 'இடுப்பு எப்படி இருக்கு' என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு நிற்பதற்கு நேரம் வேண்டும். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற ஆள் இல்லை அவள். நேற்று எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள், குத்தல் எத்தனை மணிக்கு வந்தது, இடது காலில் எதுவரை இறங்கியது, இறங்கிய பிறகு அது என்ன செய்தது, எல்லாம் வரிசையாக வரும். தேவிகுளத்துக்கு ஜீப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவள் வீட்டு வாசலைத் தவிர்த்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள். இது வேலுத்தாய்க்கும் தெரியும். அதனால் சில நாள் அவளே குழாயடியில் போய் நிற்பாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது அதே லயத்தில் மூன்றாம் நம்பர் வீடு, வாக்கப்பட்டது ஒன்பதாம் நம்பர் வீடு. மாப்பிள்ளை அழைப்பு ஆரம்பித்து நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டதால், மேளக்காரர்கள் கூலிக்கு வஞ்சகம் வேண்டாம் என்று லயத்தை மூன்று தடவை சுற்றி வந்தார்கள். புருஷன் சின்னமுத்து தேயிலைப் பாக்டரியில் முப்பது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அந்தக் குடும்பம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. பையன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். போன் செய்தால் அவர்களும் முதலில் இடுப்பைத்தான் விசாரிப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து இறங்கும்போது கால் வழுக்கி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்தது. தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், ஊசி போட்டாள், பெல்ட் வாங்கிக் கட்டினாள், விளம்பரத்தில் பார்த்த பிளாஸ்திரியை எல்லாம் ஒட்டினாள். ஒரு காலத்தில் அவள் முதுகு தேர்தல் நேரத்துச் சுவர் மாதிரி இருந்தது. வலி போவதாக இல்லை. வரும், இருக்கும், கொஞ்சம் தணியும், மறுபடி வரும்.

ஆனாலும் ஒருநாள்கூட அவள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அதற்குக் காரணம் சந்தனமேரி.

தேயிலைக் காட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நெறை உண்டு. நெறை என்றால் செடி வரிசை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டரில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால், ஆளுக்கு ஒரு நெறையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை அதிலேயே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். முன்னால் செடி, பின்னால் செடி. பேசுவதற்குக் கிடைப்பது பக்கத்து நெறையில் நிற்கிற ஆள்தான். வேலுத்தாயின் பக்கத்து நெறையில் இருபத்தாறு வருஷமாக நிற்பவள் சந்தனமேரி. மூன்று வயது இளையவள், மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு, அதிகம் பேசாதவள். வேலுத்தாய் பேசுவாள், அவள் 'ம்' போடுவாள். என்றைக்காவது யாராவது விவரம் தெரியாமல் முந்திக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நெறையைப் பிடித்துவிட்டால், வேலுத்தாய் ஒன்றும் சொல்லமாட்டாள். இடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். அரை மணி நேரத்தில் நடு நெறை காலியாகிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்டர் இன்னாசிராஜ், வேலுத்தாயின் எக்ஸ்ரே படங்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர், தமிழில்தான் பேசுவார்.

"எலும்புல பெரிய கோளாறு இல்லம்மா. ஆப்பரேஷனும் தேவையில்ல. ஆனா இந்தச் செமைய எத்தன நாளைக்குச் செமப்பீங்க? ஆறு வாரம் பாப்போம். வியாழக்கெழம வியாழக்கெழம பிசியோகாரப் பிள்ள வருது. அது சொல்லுத பயிற்சியச் செய்யுங்க. கொறையலன்னா லைட் வேலைக்கு எழுதிருவேன்."

லைட் வேலை என்றால் நர்சரி. நாலு கிலோமீட்டர் கீழே, ஆற்றோரத்தில், பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைக்கு மண் நிரப்பி நாற்று நடுகிற வேலை. வெயில் கிடையாது, சுமை கிடையாது, சரிவு கிடையாது. மற்றவர்கள் சிபாரிசு பிடித்துப் போகிற இடம். ஆனால் அங்கே சந்தனமேரி கிடையாது.

"அங்க போயி நான் யாருகிட்டப் பேசுவேன்?" என்று அன்று முழுக்கப் புலம்பினாள். சின்னமுத்து நல்ல மனுஷன். "எங்கிட்டப் பேசு" என்றார். அவள் அவர் காதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது சந்தனமேரியையும் இழுத்துக்கொண்டு போனாள். பிசியோ பெண்ணின் பெயர் நிமி. கோட்டயம் பக்கத்துப் பிள்ளை, வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது, தமிழ் வராது. லயத்துப் பெண்களுக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. ரேஷன் கடை மலையாளம், பஞ்சாயத்து ஆபீஸ் மலையாளம், பஸ் கண்டக்டர் மலையாளம் எல்லாம் தெரியும். யூனியன் கூட்டத்தில் கோஷம் போடவும் தெரியும். உடம்புக்கு வந்தால் மட்டும் தமிழ்தான். கை, கால், குடல், இடுப்பு இதற்கெல்லாம் மலையாளம் பழக அவர்களுக்கு அவசியம் வந்ததில்லை. ஆகவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது, சந்தனமேரிக்கோ அந்த விஷயத்தில் தன்மேலே பெரிய நம்பிக்கை. அவள் மருமகன் ஷிஜு மலையாளி.

அந்தக் கல்யாணப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பையனைப் பற்றிச் சொல்ல வந்த தரகர், "வலியில்லா, குடியில்லா, நல்ல பையனா" என்று மலையாளத்தில் உறுதி கொடுத்தார். சந்தனமேரிக்கு உச்சி குளிர்ந்தது. 'ஒடம்புல ஒரு வலி கெடையாது, அப்பேர்ப்பட்ட மாப்பிள்ள' என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். லயத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வலி இருந்ததால், அந்த மாப்பிள்ளையை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

நிமி பாயை விரித்து வேலுத்தாயைப் படுக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கி வைத்தாள், ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தாள். பிறகு நிதானமாக விளக்கினாள். வலி வரும்போது நாம் பயந்து உடம்பை இறுக்கிக்கொள்கிறோம், மூச்சையும் பிடித்துக்கொள்கிறோம். இறுக்கினால் வலி கூடும். மெதுவாக மூச்சு விட்டால் தசை இளகும். வலி ஓடிப்போய்விடாது, ஆனால் நம்மைப் பிடித்து ஆட்டாது. இதுவரை சந்தனமேரி ஏறக்குறைய சரியாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் நிமி செய்து காட்டினாள். "சேச்சி, ஸ்வாசம் வலிக்கு..." என்று சொல்லி மூச்சை உள்ளே இழுத்தாள். வயிறு எழும்பியது. "இனி, பதுக்கெ விடு..." என்று சொல்லி வெளியே விட்டாள். வயிறு இறங்கியது.

மலையாளத்தில் 'வலிக்கு' என்றால் 'இழு'. மூச்சை இழு, மெதுவாக விடு. அந்தப் பிள்ளை சொன்னது அவ்வளவுதான். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் பேச்சில் 'வலிக்கு' என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். 'விடு' என்றால் போகட்டும் விடு. சந்தனமேரி ஒரு நிமிஷம் யோசித்தாள். எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

"மொதல்ல 'வலிக்கு'ன்னு சொல்லணுமாம்க்கா. சொல்லிட்டு வயித்த உப்பணும். அப்புறம் 'விடு'ன்னு சொல்லி மெதுவா எறக்கணும்."

"யாருகிட்டட்டி சொல்ல?"

"வலிகிட்டத்தான்."

"சொன்னா அது கேக்குமா?"

"படிச்ச பிள்ள பொய்யா சொல்லும்?"

வேலுத்தாய்க்கு இது பிடித்துப்போனது. எட்டு வருஷமாக அவள் பார்த்த வைத்தியர் எல்லோரும், வலிக்கிறது என்று அவள் ஆரம்பித்தாலே பேச்சை வெட்டி மாத்திரை எழுதினவர்கள். வலிக்கு என்று சொல்வதே வைத்தியம் என்று ஒருத்தி சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு, "வலிக்கு" என்று சொல்லி வயிற்றை உப்பினாள். "விடூ..." என்று நீட்டி இறக்கினாள். நிமி கையைத் தட்டினாள். மொழி தெரியாத ஒரு பெண் மலையாளத்தில் தனக்குத்தானே கட்டளை கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குப் புல்லரித்துவிட்டது. "கரெக்ட் சேச்சி! சூப்பர்!" என்றாள். மூன்று பேரும் மூன்று விஷயத்தை நினைத்துக்கொண்டு ஒரே சந்தோஷத்தோடு பிரிந்தார்கள்.

காலை பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் என்று நிமி சொல்லியிருந்தாள். வயிறு எழும்புகிறதா என்று பார்க்க அதன்மேல் ஏதாவது சின்னப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்றும் செய்கையில் காட்டியிருந்தாள். வேலுத்தாய் டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டாள். கைக்கு அடக்கமாக அதுதான் கிடைத்தது. சாயங்காலம் செய்தி பார்க்க வரும் சின்னமுத்து, பத்து நிமிஷம் ஒரே சானலில் ஏலக்காய்ச் செடிக்கு உரம் போடுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருப்பார். ரிமோட் எழும்பி இறங்குவதைக் கவனித்து, இறங்கும் சமயத்தில் எட்டி எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றார். இரண்டு தடவையும் கையில் அடி விழுந்தது.

முதல் வாரம் கடைசியில் ஒரு சம்பவம். லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் கூரைவரை போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். பத்தாம் நம்பரில் இருக்கும் ராமலட்சுமி அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் வேலுத்தாயின் குரல் கேட்டது.

"வலிக்கு... விடூ... வலிக்கு... விடூ..."

ராமலட்சுமி கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடிவந்தாள். "முப்பது வருசமா ஊமக்கோட்டான் மாதிரி இருந்துட்டு இப்பப் பாரு, அந்த மனுசன் அவ கையப் பிடிச்சி முறுக்குதான்!" என்று கத்தினாள். ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனால், சின்னமுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வேலுத்தாய் வயிற்றில் ரிமோட்டோடு பாயில் கிடந்தாள்.

"யாரு யாரப் போட்டு அடிச்சது?" என்று ராமலட்சுமி குழம்பிக் கேட்டாள்.

"ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கு, இருங்கட்டி" என்றாள் வேலுத்தாய் கண்ணைத் திறக்காமல்.

இருந்தார்கள். இருந்து பார்த்தவர்களில் நாலு பேர் மறுநாள் மலையில் தாங்களும் செய்து பார்த்தார்கள். முழங்கால் வலிக்காரி, தோள்பட்டை வலிக்காரி, மருமகளால் தலைவலி வந்தவள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் வாரத்தில் நெறை நெறையாக 'வலிக்கு', 'விடு' என்று சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் டின்டு மலையாளிப் பையன். கீழே ரோட்டில் நின்று கேட்டவனுக்கு, இழு, விடு என்று சொல்லிச் சொல்லிக் கொழுந்து எடுக்கிறார்கள் என்றுதான் பட்டது. இதென்ன புது உற்சாகம் என்று நினைத்து, பெரிய ஆபீசருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். வேலுத்தாயின் இடுப்பு உண்மையாகவே இளக ஆரம்பித்திருந்தது. அவள் சொன்னது தப்போ சரியோ, வயிறு செய்தது சரியாகத்தான் செய்தது. சுளீர் என்று பிடிக்கும்போது முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மரமாக நிற்பாள். இப்போது செடிமேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஆமா, வலிக்கு" என்று ஒப்புக்கொள்வாள். அப்புறம் நிதானமாக "விடு" என்பாள். ஏழெட்டு மூச்சில் பிடி தளரும். வலி அங்கேயேதான் இருந்தது, ஆனால் அவளைக் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து உட்காரவில்லை. காலில் இறங்கும் குத்தலும் குறைந்தது. பாயிலிருந்து யாரையும் கூப்பிடாமல் எழுந்துவிட்டாள் ஒரு காலையில். அன்று சந்தோஷத்தில் சின்னமுத்துவுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள்.

"நர்சரியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று மஸ்டரில் அறிவித்தாள். "டாக்டரு முன்னாடி ஒரு தடவ செஞ்சி காட்டினாப் போதும். பேப்பரே எழுதமாட்டாரு."

ஆறாவது வாரம் வந்தது. டாக்டர் இன்னாசிராஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நிமி பக்கத்தில் பெருமையோடு நின்றாள். சந்தனமேரி மொழிபெயர்ப்பாளர் என்ற அதிகாரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலுத்தாய் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

நிமி கையைக் காட்டியதும் வேலுத்தாய் கட்டிலில் படுத்து, வயிற்றில் கையை வைத்து, அறை அதிரும்படி ஆரம்பித்தாள்.

"வலிக்கு!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"விடூ... வலிக்கு! விடூ... வலிக்கு!"

ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை. டாக்டர் பேனாவை எடுத்தார். "போதும்மா, போதும். இவ்வளவு வலிய வச்சுக்கிட்டா மலையேறுதீங்க?" என்று கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தார். நிமி பதறிப்போய், "சாரே, வளரெ நன்னாயிட்டு செய்யுன்னுண்டு!" என்றாள். "நன்னாயிட்டா? நல்லாச் செய்யுதாங்களா? அவங்களே வாய்விட்டு வலிக்குன்னு கத்துதாங்களே!" என்றார் டாக்டர். வேலுத்தாய் எழுந்து உட்கார்ந்து, "நாந்தான் விடுன்னும் சொன்னேனே, அத ஏன் நீங்க கணக்குல எடுக்கல?" என்று சண்டைக்குப் போனாள்.

விஷயம் வெளியாகக் கால் மணி நேரம் ஆனது. டாக்டருக்குப் புரிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "அட, பீடி வலிக்காங்கன்னு மலையாளத்துல சொல்லுவாங்கல்லம்மா, இழுக்கது. அந்த வலிதான் இது."

சந்தனமேரி ஸ்டூலில் மெல்ல நிமிர்ந்தாள். "அப்போ வலியில்லான்னா?"

"பீடி சிகரெட் கெடையாதுன்னு அர்த்தம்."

"ஷிஜு..." என்று முனகிவிட்டு அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக, அந்தப் பையன் தலைவலி என்று படுத்தபோதெல்லாம், தரகர் ஏமாற்றிவிட்டார் என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலுத்தாயைப் பார்த்தார். "சரி, மூச்சு இருக்கட்டும். நெசத்தச் சொல்லுங்க. இப்ப வலிக்குதா, இல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மலை, நெறை, சந்தனமேரி எல்லாம் அவளுக்கே. வேலுத்தாய் வாயைத் திறந்தாள். ஆறு வாரமாகக் காலையும் மாலையும் வலியைக் கண்டவுடனே வலிக்கு என்று ஒப்புக்கொண்டு பழகிய வாய். பொய் அதில் வரவே மாட்டேன் என்றது.

"வலிக்கத்தான் செய்யுது டாக்டரே" என்றாள். "முன்ன மாதிரி இல்ல. பாதிதான். ஆனா செமையத் தூக்குனா வலிக்கு." சொல்லிவிட்டு அழுதாள்.

"நல்லாத்தான் போயிட்டிருக்கு. மூச்சுப் பயிற்சிய விட்டுராதீங்க. மூணு மாசம் செமையில்லாம இருங்க, அப்புறம் பாப்போம்" என்று டாக்டர் பரிவாகச் சொல்லிப் பேப்பரைக் கொடுத்தார். நல்ல பேப்பர்தான். வேலுத்தாய் அதைத் தண்டனையாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் சந்தனமேரி, "எல்லாம் என்னாலதாங்க்கா" என்றாள். வேலுத்தாய் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்குக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு துக்கம்.

நர்சரியில் பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் நாற்று வரிசைகள் இருந்தன. வேலுத்தாய்க்குக் கிடைத்த பந்தலில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள் பாஸ்கல். ஓய்வு பெற எட்டு மாசம் பாக்கி இருந்த அந்த மனிதர், இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு பையில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தார். வேலுத்தாய் முதல் நாள் அவரிடம் தன் இடுப்பின் எட்டு வருஷ வரலாற்றையும் சொல்லி முடித்தாள். அவர் ஒரு காதைக் கழற்றி, "கூப்பிட்டீகளா?" என்றார். இரண்டாம் நாள் அவள் நாற்றுகளிடம் பேசினாள். அவை இன்னும் மோசம். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது மேலே மலையைப் பார்த்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள், எது சந்தனமேரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது தன் நெறையில் யார் நிற்பார்கள், நிற்பவள் சந்தனமேரியிடம் என்ன பேசுவாள் என்று நினைத்துக் கஞ்சியைப் பாதியில் மூடி வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் நர்சரி கேட்டைத் திறந்துகொண்டு சந்தனமேரி வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பேப்பர்.

வேலுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து ஓடப் பார்த்து, இடுப்பு ஞாபகம் வந்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். சந்தனமேரி பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, கையை ஊன்றி, மெல்ல மெல்லக் குனிந்து, கடைசி அடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டு வந்தியாட்டி?" என்று வேலுத்தாய் காதோரம் கிசுகிசுத்தாள். "டாக்டரு கண்டுபிடிச்சா வேலயே போயிருமே!"

"பொய் என்னத்துக்கு? படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் எழுதிக் குடுத்தாரு. எனக்கும் இடுப்புதான். ஒன்னயவிட மோசமாம்."

"எப்போருந்து?"

"பதினோரு வருசமாச்சி."

வேலுத்தாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். முதலில் வந்தது கோபம்தான். "பதினோரு வருசமா? எனக்கே எட்டுதானட்டி! எனக்கு முந்தியே ஒனக்கு வந்திருக்கு. பக்கத்து நெறையில நின்னுக்கிட்டு, நாளெல்லாம் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

சந்தனமேரி ஒரு பையில் மண்ணை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் தட்டி, நாற்றை வைத்தாள். அவள் குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை.

"சொல்லணும்னுதாங்க்கா பாப்பேன். நீ பேச்ச நிறுத்தினா சொல்லலாம்னு நிப்பேன். அதுக்குள்ள மணி அடிச்சிரும்."

வேலுத்தாய்க்கு நடு நெறையில் நுழைந்தவர்களை எல்லாம் இடுப்புக் கதை சொல்லி விரட்டியது ஞாபகம் வந்தது. ஒருத்தி மட்டும் விரட்டப்படாமல் நின்றாள், அவள் எதைத் தாங்கிக்கொண்டு நின்றாள் என்று இத்தனை வருஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பதினோரு வருஷமும் தன் சாக்கைத் தலைக்குத் தூக்கிவிட்டது யார் என்று யோசித்தாள், சந்தனமேரிதான். அழுகை வந்துவிட்டது.

"எந்தப் பக்கம்ட்டி?" என்று கேட்டாள்.

"வலது பக்கம்."

"எப்படிப் பிடிச்சுது?"

சந்தனமேரி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் வார்த்தை வார்த்தையாக வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாசம், மாதா கோயில் படிக்கட்டு, கையில் ஒரு குடம் தண்ணீர். அப்புறம் வேகம் பிடித்தது. எந்தப் பக்கம் ஒருக்களித்தால் குத்தும், எந்த நேரத்தில் குத்தும், எதுவரை இறங்கும், இறங்கினால் எந்த விரல் மரத்துப்போகும் என்று விலாவாரியாகப் போனது. கண்ணில் நீர் வழிய, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இது யார் புதுக் குரல் என்று பாஸ்கல் இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றினார். பத்தரைக்கு டீ வந்தபோது கதை இன்னும் இரண்டாவது வருஷத்தைத் தாண்டவில்லை. பேச்சை நிறுத்தினால் மறுபடி இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் சந்தனமேரி டம்ளரைத் தொடவே இல்லை.

வேலுத்தாய் டம்ளரை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"டீயக் குடிச்சிட்டு மெதுவாச் சொல்லுட்டி" என்றாள். "மூணு மாசம் இருக்கு."